பிளாஸ்டிக் உடம்புத் துப்பாக்கி: எத்தனை நாள் தாங்கும், எங்கே உடையும்?

வெயிலில் இரண்டு வருடம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார யோசிப்பீர்கள்தானே? நிறம் வெளுத்திருக்கும், கால் பக்கம் மெல்லிய கீறல் ஓடியிருக்கும். அப்படியிருக்க, விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு வெடிப்பு நடக்கிற துப்பாக்கியை யாராவது பிளாஸ்டிக்கில் செய்வார்களா?

செய்கிறார்கள். அறுபது வருடத்துக்கும் மேலாகச் செய்கிறார்கள். அதில் சில, எஃகுத் துப்பாக்கிகளே பொறாமைப்படும் அளவுக்கு உழைத்திருக்கின்றன. சில, ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சரையே சங்கடத்தில் மாட்டிவிட்டிருக்கின்றன.

ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் உங்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தெரியலாம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது, அமெரிக்கா மாதிரி கடைக்குப் போய் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கிவர முடியாது. ஆனால் பக்கத்திலேயே சுங்கை பீசி ராணுவ முகாம். அங்கே பயிற்சி எடுக்கிறவர்கள் கையில் இருக்கும் ரைபிள் நம் வரிப்பணத்தில் வாங்கியது. அதில் எது பிளாஸ்டிக், எது உலோகம், எது முதலில் உடையும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பில்லை.

ரிசீவர் என்றால் என்ன?

துப்பாக்கியின் உடற்கூடுதான் ரிசீவர். குழல், விசைப்பொறி, தோட்டா நிரப்பிய மேகசின் எல்லாம் இதில்தான் வந்து சேரும். உடற்கூடு என்றதும் வெடிப்பின் வேகத்தை முழுக்க அதுதான் தாங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

5.56 மி.மீ. தோட்டா வெடிக்கும் கணத்தில் உள்ளே உருவாகும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 3,500 மடங்குக்கும் மேல். எந்தப் பிளாஸ்டிக்கும் இதைத் தாங்காது. அதனால் நவீன ரைபிள்களில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட், குழலின் பின்முனையில் இருக்கும் எஃகிலேயே பல்லோடு பல்லாகப் பூட்டிக்கொள்கிறது. வெடிப்பின் சக்தி எஃகுக்கும் எஃகுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். வெளியே இருக்கும் கூட்டுக்கு அதற்குப் பிறகு மிஞ்சும் வேலை எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பிடித்து வைப்பதுதான். அந்த வேலைக்குப் பிளாஸ்டிக் போதும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தது இந்தக் கணக்கில்தான்.

இங்கே பிளாஸ்டிக் என்றால் நாற்காலிப் பிளாஸ்டிக் கிடையாது. பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான் வகை. உங்கள் வீட்டில் யாராவது பாலகோங் பக்கம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் வேலை பார்த்திருந்தால் கேட்டுப் பாருங்க. ஒரே மூலப்பொருள்தான். ஆனால் அச்சு எப்படி வெட்டப்பட்டது, உருகிய பிளாஸ்டிக் எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தது, இரண்டு ஓட்டங்கள் எங்கே சந்தித்தன என்பதைப் பொறுத்து ஒரு பொருள் பத்து வருடம் உழைக்கும், இன்னொன்று பத்தே மாதத்தில் விரிசல் விடும் என்று சொல்வார்கள். ஓட்டங்கள் சந்திக்கும் கோட்டில்தான் பலம் குறைவு. விலை குறைக்க நினைப்பவர் கைவைக்கும் இடங்களும் தெரிந்தவைதான்: இழை கொஞ்சம் குறையும், அரைத்த பழைய பிளாஸ்டிக் கொஞ்சம் கலக்கும், சோதனை கொஞ்சம் சுருங்கும். மூன்றும் கண்ணுக்குத் தெரியாது.

சுமார் 50 டாலர், ஒரு லட்சம் குண்டு

1959இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் நைலான் 66 என்று ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை சுமார் 50 டாலர். அப்போது ரெமிங்டன், நைலானைக் கண்டுபிடித்த டூபாண்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால் கட்டையும் உடற்கூடும் டூபாண்டின் நைலானிலேயே அமைந்தன.

பிளாஸ்டிக் துப்பாக்கியா என்று சிரித்தவர்களுக்குப் பதிலாக, ரெமிங்டன் ஊழியர் டாம் ஃப்ரை அதே வருடம் ஒரு காரியம் செய்தார். மேலே தூக்கிப் போடப்பட்ட சிறு மரக்கட்டைகளை நாள்கணக்கில் சுட்டார். மொத்தம் 1,00,010 கட்டைகள். தவறியது ஆறு. இது விளம்பரத்துக்காகச் செய்ததுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த ரைபிள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, மூன்று தசாப்தம் போல உற்பத்தியில் இருந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நைலான் 66 சுட்டது .22 என்ற சின்னத் தோட்டா. அணில், முயல் வேட்டைக்கானது. உதை குறைவு, சூடு குறைவு. போர்க்களத்தில் அடுத்தடுத்து மேகசின் மாற்றிச் சுடும் ரைபிளை இதோடு ஒப்பிட்டு, ‘பிளாஸ்டிக் தாங்கும்’ என்று சொல்லிவிட முடியாது.

ஜெர்மனிக்கு வந்த தலைவலி

அதற்குச் சரியான உதாரணம் ஜி36. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் தயாரித்த இந்த ரைபிளை ஜெர்மன் ராணுவம் 1990களின் நடுவில் எடுத்துக்கொண்டது. உடற்கூடு கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். குழலைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டு அந்தப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. எடை குறைவு, துருப்பிடிக்காது, எல்லாருக்கும் பிடித்தது.

ஆப்கானிஸ்தானில் மணிக்கணக்கான சண்டைகள் வந்த பிறகுதான் கேள்வி எழுந்தது. குழல் சூடேறும்போது குண்டு குறி தவறுகிறதே, ஏன்? ராணுவம் நடத்திய சோதனைகளில் பதில் மோசமாக வந்தது. 90 சதவீதம் இலக்கில் பட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சுட்டுச் சூடேறிய நிலையில் அது 7 சதவீதத்துக்கு இறங்கியது என்று 2015இல் செய்தி வந்தது. வெளிக் காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினாலே குறி நகர்ந்தது. அந்த வருடம் ஏப்ரலில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லைன், இப்போதிருக்கும் வடிவில் இந்த ரைபிளுக்குத் தங்கள் ராணுவத்தில் எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். சுமார் 1,67,000 ரைபிள்கள்!

இங்கே பிளாஸ்டிக் உடையவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ரைபிள் முழுசாகத்தான் இருந்தது. உலோகத்தைப் பிடித்திருந்த பிடி மட்டும் சூட்டில் இளகிக்கொடுத்தது. குழல் மயிரிழை நகர்ந்தாலே நூறு மீட்டருக்கு அப்பால் குண்டு வேறு எங்கோ போகும்.

கதை அதோடு முடியவில்லை. ஒரு ஆணையம் விசாரித்து, இந்தக் குறையால் எந்த ஜெர்மன் வீரரும் உயிரிழந்ததாகவோ காயமடைந்ததாகவோ ஆதாரம் இல்லை என்றது. அரசு நஷ்டஈடு கேட்டது, நிறுவனம் நீதிமன்றம் போனது. 2016இல் கோப்லென்ஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் எளிது: ஒப்பந்தத்தில் என்ன கேட்டார்களோ அது கொடுக்கப்பட்டிருக்கிறது. நீண்ட நேரம் சுட்டுச் சூடேறிய பிறகும் குறி நிற்க வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கவில்லை. (பின்னர் இதே நிறுவனத்தின் அலுமினிய உடற்கூடு கொண்ட இன்னொரு ரைபிளைத்தான் ஜெர்மனி மாற்றாகத் தேர்ந்தெடுத்தது. வியாபாரம் அப்படி.)

திருச்சியில் செய்த ரைபிள், கார்கிலில் உடைந்த மேகசின்

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான கதை இன்சாஸ். புனேயில் உள்ள இந்திய அரசின் ஆய்வுக்கூடம் வடிவமைத்த ரைபிள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதைத் தயாரித்த இடங்களில் ஒன்று.

இன்சாஸின் உடற்கூடு எஃகுதான். பிளாஸ்டிக்கில் இருந்தது கட்டை, கைப்பிடிப் பகுதிகள், பிறகு மேகசின். எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்க்கும்படி, ஒளி ஊடுருவும் மேகசின். யோசனை நல்லதுதான். 1999 கார்கில் போரில் வீரர்கள் இதைத் தூக்கிக்கொண்டு இமயமலையின் பனி உயரங்களுக்குப் போனார்கள். அங்கே மேகசின் விரிசல் விடுகிறது, தோட்டா சிக்கிக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன. எதிரி மேலே இருந்து சுடும்போது தோட்டா சிக்கினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகள் ராணுவ முகாம் ஒன்றைத் தாக்கினார்கள். 43 வீரர்கள் பலி. இன்சாஸ் சரியாகச் சுடவில்லை என்று நேபாள ராணுவம் குறை சொன்னது. சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது இந்தியத் தரப்பு. நீண்ட சண்டையில் ரைபிள் சூடேறிச் செயலிழந்தது என்பதுதான் அந்தப் புகாரின் சாரம். ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் சூடு. மேகசின் பிறகு உறுதியான பிளாஸ்டிக்கில் மாற்றப்பட்டது, ஆனால் ரைபிளின் பேர் மீளவில்லை. 2019இல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் 716 ரைபிள்களை வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. 2021 டிசம்பரில் ரஷ்யாவோடு சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே 203களை உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் செய்ய இன்னொன்று. அதன் உடற்கூடும் எஃகுத் தகடு.

மலேசியாவின் வெயிலும் ஈரமும்

சிலாங்கூரின் பத்து ஆராங் என்றால் பழைய நிலக்கரிச் சுரங்கம் நினைவுக்கு வரும். தமிழ்த் தொழிலாளிகள் வியர்வை சிந்திய ஊர். இன்று அங்கேதான் எஸ்எம்இ ஆர்ட்னன்ஸ் ஆயுதத் தொழிற்சாலை இருக்கிறது. 1990களில் ஆஸ்திரியாவின் ஸ்டேயர் ஏயூஜி ரைபிளை உரிமம் பெற்று அது தயாரித்தது. விண்வெளிப் படத்தில் வருவது மாதிரி, பச்சை பிளாஸ்டிக் உடம்போடு இருக்குமே, அதுதான்.

ஏயூஜியில் கட்டை மட்டுமல்ல, விசைப்பொறியின் சுத்தியல்கூட பிளாஸ்டிக். ஆனால் குழலையும் போல்டையும் பிடித்திருக்கும் ரிசீவர் அலுமினியம், பூட்டிக்கொள்ளும் இடம் எஃகு. அதாவது சூடும் உதையும் வரும் இடத்தில் பிளாஸ்டிக் இல்லை. 1977இல் ஆஸ்திரிய ராணுவத்துக்கு வந்த வடிவம், இன்றும் ஆஸ்திரேலிய ராணுவத்தில் மேம்பட்ட வடிவில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மலேசிய ராணுவம் பிறகு எம்4 பக்கம் போய்விட்டது. அதுவும் அலுமினிய உடற்கூடுதான்.

நம் ஊர் வானிலை பிளாஸ்டிக்குக்கு என்ன செய்யும்? நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கொஞ்சம் உப்பும், விறைப்பு குறையும், ஆனால் சட்டென்று உடையாது. வறண்ட குளிரில் இதற்கு நேர் எதிர். ஆகவே கார்கில் மாதிரி விரிசல் பயம் மலேசியக் காட்டில் குறைவு. ஜெர்மனி மாதிரி அளவு நகரும் பயம் அதிகம். இதோடு வெயிலின் புற ஊதாக் கதிர். கரும் நிறச் சாயம் இதைத் தடுக்கும், மட்டமான பிளாஸ்டிக்கில் சீக்கிரம் வெளுக்கும். இன்னொன்றை யாரும் யோசிக்க மாட்டார்கள்: கொசு மருந்து. அதில் உள்ள டீட் என்ற பொருள் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். காட்டில் கொசு மருந்து தடவாத சிப்பாய் யார்?

அப்போ மலிவு என்றால் மட்டமா?

அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் விற்கும் மலிவான ஏஆர் 15 வகை ரைபிள்களில் கீழ்ப்பகுதி உடற்கூடு பிளாஸ்டிக்கில் வருகிறது. அவற்றில் பிரச்சினை வந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பின்கட்டையின் உலோகக் குழாய் வந்து திருகும் வளையம். கீழே விழுந்தாலோ, ரைபிளைத் தரையில் ஊன்றி எழுந்தாலோ நெம்புகோல் மாதிரி முழு அழுத்தமும் அங்கே விழும். அலுமினியத்துக்காக வரைந்த அளவை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்தால் அந்த வளையம்தான் முதலில் போகும். பிளாஸ்டிக்கை மனதில் வைத்து அந்த இடத்தைத் தடிப்பாக்கி, பின்கட்டையையும் ஒரே வார்ப்பாகச் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்தது. இரண்டிலும் பொருள் ஒன்றே, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் அடுத்த முறை நம் பாதுகாப்பு அமைச்சு ரைபிள் வாங்கும் செய்தி வந்தால், ஒரு துப்பாக்கி இத்தனை ரிங்கிட் என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை ஆயிரம் குண்டு சுட்டுச் சோதித்தார்கள், நிறுத்தாமல் எத்தனை மேகசின் சுட்டுக் குறி பார்த்தார்கள், அந்தச் சோதனை ஐரோப்பிய ஆய்வுக்கூடத்திலா, இல்லை பகாங் காட்டு மழையிலா, இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டிருந்தால், பதில் ஹன்சார்ட் பதிவில் இருக்கும். அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.