காப்புறுதி வேணாம், மாத்திரையைக் குடுங்க

விடியக் காலையில எழும்பி, முன்னேஸ்வரத்துல இருந்து பஸ் பிடிச்சு, கிளினிக் கொப்பியோட வரிசையில் நிற்கிற ஒரு அம்மம்மா உங்க வீட்டுலயும் இருப்பாங்க. மூணு மருந்து கிடைக்கும். நாலாவதுக்கு ஒரு துண்டு: "வெளிய வாங்குங்க."

அந்தத் துண்டுக்குத் தீர்வாக இப்போ எல்லாரும் சொல்வது, "வயசானவங்களுக்கு ஒரு காப்புறுதி எடுங்க." யாருக்கு எடுப்பது? தனியார் காப்புறுதி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் காசு தரும். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு அல்ல. வயசு கூடினால் புதிதாகச் சேர்வதே கஷ்டம். அரச ஊழியருக்கு அக்ரஹார இருக்கு. கடலுக்குப் போனவருக்கும் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிச்சவருக்கும் என்ன இருக்கு?

அமெரிக்காவைப் பாருங்க என்கிறார்கள். பார்ப்போம். அங்கே முதியோருக்கான மெடிகெயார் மருந்துக் காப்புறுதி 2006 இல் தொடங்கியது. மாதக் கட்டணம், கம்பனிக்கு ஒரு மருந்துப் பட்டியல். ஒருவர் வருஷத்துக்குக் கையிலிருந்து கட்டுவதற்கு 2,000 டொலர் என்ற உச்சவரம்பு வர 2025 ஆகிவிட்டது.

எங்களிடம் இதைவிட நல்ல யோசனை இருந்தது. 1971 இல் எஸ்.ஏ. விக்ரமசிங்கவும் சேனக பிபிலேயும் சொன்னது அதுதான்: தேவையான மருந்தை மட்டும், பொதுப் பெயரில், நாட்டுக்கே மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அதற்காகத்தான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. ஒசுசல அதன் கடை. இலவச மருத்துவம்தான் எங்கள் காப்புறுதி. மாத்திரை இல்லாத நாளில் அது வெறும் கொப்பி.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான். கிளினிக்கில் இல்லாத மருந்தை, அந்தத் துண்டைக் காட்டி ஒசுசலவில் காசில்லாமல் எடுக்க முடியணும். பில் அரசுக்குப் போகணும். எந்த மருந்து எங்கே முடிஞ்சிருக்கு என்ற கணக்கும் அப்போதான் மேலிடத்துக்குத் தெரியும். இப்போ அந்தக் கணக்கு அம்மம்மாவின் பர்சுக்குள்ளே மடிஞ்சு கிடக்கு.

"அரசிடம் காசு எங்கே?" என்பீங்க. 2022 ஐப் பார்த்தவர்கள் நாங்களும். ஆனால் பிரஷர் மாத்திரை தவறிப் பக்கவாதம் வந்தால், அந்தச் செலவும் அதே அரச ஆஸ்பத்திரிக்குத்தானே வரும்?

அடுத்த கிளினிக் நாளில் கூடப் போங்க. துண்டைப் படம் எடுத்து வைங்க. பாமசியில் அதே மருந்தின் மலிவான வகையைக் கேளுங்க. முக்கியமாக, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடிச்சு மிச்சம் பிடிக்கிறாங்களா என்று அவங்களிடமே கேளுங்க. நாங்க கேட்டால் ஒழிய அவங்க சொல்ல மாட்டாங்க.