குழந்தைகள் வார்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம்

தொப்பூரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் முற்றிவிட்டால் வடக்கே தர்மபுரி, தெற்கே சேலம் என்று இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே சேர்த்தாலும் கட்டிலோரம் தங்குவது பெரும்பாலும் அம்மாதான். அப்பா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார். மூத்த பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். குழந்தையின் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். அம்மா சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வர வேண்டும். "கொஞ்சம் பார்த்துக்கங்க அக்கா" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிட்டு ஓடுவார்.

அந்த அரை மணி நேரத்தைக் கல்லூரி மாணவர்கள் ஏற்றுக்கொள்ள முடியும். ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

மருத்துவமனையில் குழந்தைக்குத் துணையும் விளையாட்டும் வேண்டும் என்பது புதிய பேச்சு அல்ல. இங்கிலாந்தில் 1950களில் பல மருத்துவமனைகள் பெற்றோரையே வார்டுக்குள் சரியாக விடவில்லை. தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை எப்படி ஒடுங்கிப்போகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் படமாக்கிக் காட்டினார். 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோகலாம் என்றும், வார்டில் விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் ஊரில் அம்மா கூடவே இருக்கிறார். முதல் பரிந்துரைக்கு இங்கே தேவையே எழவில்லை. இரண்டாவதைத்தான் நாம் இன்னும் பெரிதாகக் கவனிக்கவில்லை. குழந்தையின் விளையாடும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. அந்த உரிமை மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுவதில்லை.

தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஆயிஷா ராவ் தொடங்கிய சென்னை 'லிட்டில் தியேட்டர்' குழுவினர் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கோமாளி வேடத்தில் போய்க் குழந்தைகளைச் சிரிக்க வைத்தார்கள். இது வெறும் வேடிக்கை அல்ல. மருத்துவமனைக் கோமாளிகள் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, குழந்தைகளின் பதற்றம் குறைவதற்கு அவர்கள் உதவுகிறார்கள் என்கிறது.

எல்லா மாணவரும் கோமாளி ஆக வேண்டியதில்லை. கதை சொல்லலாம், படம் வரையலாம். ஊசி போடுவதற்கு முன் ஒரு பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டலாம். தலசீமியா உள்ள குழந்தை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வந்து மணிக்கணக்கில் ரத்தம் ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் தெரிந்த முகம் ஒன்று காத்திருந்தால் அந்த நாள் அதற்கு அவ்வளவு நீளமாக இருக்காது.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் என்று 30 வாரங்கள் வார்டுக்குப் போனால் அதில் பாதி கழிந்துவிடும். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியும் செட்டிகரை அரசு பொறியியல் கல்லூரியும் மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தொப்பூரிலிருந்தும் பாளையம்புதூரிலிருந்தும் தர்மபுரிக்குப் பேருந்தில் படிக்க வரும் பிள்ளைகள், தங்கள் ஊர்க் குழந்தையிடம் அதன் பேச்சிலேயே பேசுவார்கள்.

தொற்று பரவாதா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதனால் சளி, காய்ச்சல் உள்ள மாணவர் அன்று வரக் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகக் கூடாது. குழந்தையோடு யாரும் தனியறையில் இருக்கக் கூடாது. செவிலியரின் கண்பார்வையில்தான் எல்லாம் நடக்க வேண்டும். மருந்தைப் பற்றியோ நோயைப் பற்றியோ மாணவர் ஆலோசனை சொல்லக் கூடாது.

செல்போன் படமும் கூடாது. தலைவர்களின் பிறந்தநாளுக்கு ரொட்டியும் பழமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் இதற்குள் நுழைந்துவிட்டால், நோயில் கிடக்கும் பிள்ளை காட்சிப்பொருளாகிவிடும். நான்கு வாரம் பழகவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுவதும் அந்தப் பிள்ளைக்குக் காயம்தான். தேர்வுக் காலத்துக்கு மாற்று ஆள் யார் என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவமனை டீனும் கல்லூரிகளின் நலப்பணித் திட்ட அலுவலர்களும் உட்கார்ந்து பேசலாம். முதலில் பத்து மாணவர்கள், ஒரே வார்டு, ஒரு பருவம் போதும். பருவம் முடிந்ததும் செவிலியர்களிடமும் அங்கே தங்கியிருந்த அம்மாக்களிடமும் கேட்டு, அடுத்த வார்டுக்கு விரிப்பதா என்று முடிவு செய்யட்டும்.