அதிபரை நினைக்கும் முறை

பழைய மாணவர் நால்வர் ஒன்றுகூடினால், சுகநலம் விசாரித்து முடிந்தவுடன் பேச்சு அதிபரை நோக்கித் திரும்பிவிடும். கொழும்பிலாயினுஞ் சரி, ரொறன்ரோவிலாயினுஞ் சரி, சங்க விருந்துகளில் இதனை நாம் கண்டு வருகின்றோம். பேச எழுபவர், கண்டிப்பானவர், கருணையுள்ளவர், நேரந் தவறாதவர் என்று புகழ்ந்துவிட்டு அமர்வார். சபையோர் கைதட்டுவர். சொன்னதிற் பொய்யொன்றுமில்லை. ஆயினும், பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே பேச்சு வேறெந்த அதிபருக்கும் பொருந்திவிடுமே! ஒருவரை நினைப்பதென்றால், அவருக்கே உரியதை நினைப்பதன்றோ?

கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக 1949 முதல் 1960 வரை விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் அவர்களை எடுத்துக்கொள்வோம். கண்டிப்பு, கருணை என்னும் இரு சொற்களுக்குள் அவரை அடக்க இயலாது. 1899இல் பிறந்த அவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்று, அங்கேயே ஆசிரியருமானார். 1924இல் மாணவர் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் அவரே. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது அதுவே. 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அம்மாணவர் கூட்டமே.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியந் தரவில்லையென்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வாலிபர் காங்கிரஸ் அறைகூவிற்று. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது நன்றோ தீதோ என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. தாம் சரியெனக் கண்டதற்காகப் பழியையும் ஏற்கத் துணிந்தவர் ஒருவர் தம் அதிபராயிருந்தார் என்பதை மாணவர் மறக்கலாகாது.

அதனினும் பெரிதாக நாம் மதிப்பது சம ஆசனத்துக்காக அவ்வியக்கம் கொடுத்த குரலையே. அக்காலத்திலே, தாழ்ந்த சாதியென ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வகுப்பிலே நிலத்தில் இருந்தே படிக்க வேண்டியிருந்தது. வாங்கிலே அமர அவர்களுக்கு இடமில்லை. 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாரும் சமமாய் அமர வேண்டுமென்ற விதி வந்தபோது, எதிர்த்தவர்கள் சிலவிடங்களில் பாடசாலைகளுக்கே தீ மூட்டினர். ஒரு பிள்ளை வாங்கில் ஏறி அமர்வதைப் பொறாது கொட்டிலையே எரித்தனர் என்றால், அந்த வாங்கு எத்துணைப் பெரிய காரியமாயிருந்தது! அந்நாளிலே சம ஆசனத்தின் பக்கம் நின்றவர்களுள் ஒருவரே, இருபது ஆண்டுகள் கழித்துக் கொக்குவிலிலே அதிபர் ஆசனத்தில் அமர்ந்தார்.

அக்கல்லூரி 1910இல் தோன்றிய இந்துக் கல்லூரி. வந்தவரோ கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்து, அமெரிக்க மிஷனின் கல்லூரியிலே கற்றவர். சமயத்தை முன்வைத்துப் பாடசாலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட யாழ்ப்பாணத்திலே இது சிறிய செய்தியன்று. அவரைத் தலைமைக்கு ஏற்றுக்கொண்டவர்களின் மனவிரிவும் அவரோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

கொக்குவிலோ புகையிலைத் தோட்டங்களுக்கும் சுருட்டுக் கொட்டில்களுக்கும் பேர்போன ஊர். கை சுருட்டைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் செவிமடுத்திருப்பது அக்கொட்டில்களின் வழக்கம். தந்தை செவியாற் பெற்ற அறிவை மகன் கண்ணாலும் பெற வேண்டுமென்ற ஆசை அவ்வீடுகளில் இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வித் திட்டம் அவ்வாசைக்கு வழி திறந்தது. திறந்த வழியால் வந்த பிள்ளையைத் தயங்காது உள்ளே வாவென்று அழைக்க ஓர் அதிபர் வேண்டுமல்லவா? சட்டம் வாயிலைத் திறக்கும். வாங்கிலே இடங் காட்டுபவர் அதிபரே.

பேரின்பநாயகம் அவர்கள் 1977இல் மறைந்தார். 1980இல் அவருக்கொரு நினைவு மலர் வெளியாயிற்று. வாலிபர் காங்கிரஸின் வரலாறும் அவருடைய எழுத்தும் பேச்சும் அதிலே தொகுக்கப்பட்டமையாற்றான் இன்று நாம் அவரைப் பற்றி இவ்வளவேனும் பேச முடிகின்றது. இத்தகைய மலர் கிடைக்கப் பெறாத அதிபர்கள், தலைமையாசிரியைகள் எத்தனை பேர்! மன்னாரிலும் மட்டக்களப்பிலும் மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளிலும் அவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சரித்திரம் முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டுமே தங்கியுள்ளது. 1960இல் 10 வயதுச் சிறுவராயிருந்தவர்களே இப்பொழுது 75 வயதைத் தொட்டுவிட்டனர்.

ஆகவே பழைய மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. மண்டபத்துக்குப் பெயரிடுங்கள், படந் திறவுங்கள், பரிசில் வையுங்கள், யாவும் நல்லனவே. அவற்றோடு, நீங்கள் கண்டதை எழுதியும் வையுங்கள். உங்கள் வகுப்பிலே யார் யார் இருந்தார்கள்? அவர்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள்? யாருக்கு இடமில்லையென்று ஊர் சொல்லிற்று? அப்பொழுது அதிபர் என் செய்தார்? புகழ்மொழி வேண்டுவதில்லை, நடந்ததே போதும். எழுதக் கை நடுங்கினால், பேரப்பிள்ளையை அருகில் இருத்திச் சொல்லுங்கள், அது எழுதட்டும். வீட்டிலே வெறுங் கொப்பி ஒன்று இல்லாமலா போகும்? இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.