அமெரிக்க மாணவர் விசா ரிஜெக்ட் ஆகிவிட்டதா? இரண்டாவது இன்டர்வியூவில் டெல்டா குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான்!

தஞ்சாவூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் சென்னையில் இறங்கி, ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நின்று, ஜன்னல் முன் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு, கையில் ஒரு தாளோடு வெளியே வருவது. டெல்டாவில் பல வீடுகளுக்கு இது தெரிந்த கதைதான். அந்தத் தாளில் இருக்கும் எண் 214(பி).

இது ஒரு வீட்டோடு நிற்கும் விஷயமும் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்குப்படி, 2023-24 நிதியாண்டில் உலகம் முழுவதும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு வந்த சுமார் 6.79 லட்சம் விண்ணப்பங்களில் 2.79 லட்சம் நிராகரிக்கப்பட்டன. 100 பேரில் 41 பேர்!

214(பி) என்றால் என்ன?

1952-ல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு இது. விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று சட்டமே முதலில் முடிவு கட்டிவிடுகிறது. இல்லை என்று காட்டவேண்டியது விண்ணப்பதாரரின் வேலை. ஹெச்-1பி போன்ற சில விசாக்களுக்கு இதில் விலக்கு உண்டு, மாணவர்களுக்குக் கிடையாது. படிப்பு, பணம், திரும்பி வரும் எண்ணம் என எதில் அதிகாரிக்குத் திருப்தி வராவிட்டாலும் இதே எண்தான் தாளில் வரும். எதனால் என்று தனியாக எழுதித் தரமாட்டார்கள். பெரிய குழப்பமே அங்கேதான்.

நல்ல செய்தி, இது தடை இல்லை. மேல்முறையீடு செய்ய முடியாது, ஆனால் மறுபடி விண்ணப்பிக்கலாம். டிஎஸ்-160 படிவம் புதிதாக நிரப்பி, 185 டாலர் கட்டணத்தையும் மறுபடி கட்டவேண்டும். ஆனால் 350 டாலர் செவிஸ் கட்டணத்தை, 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கே போனால் திரும்பக் கட்டத் தேவையில்லை. இது தெரியாமல் இரண்டு தடவை கட்டியவர்களும் உண்டு. தாளில் 221(ஜி) என்று இருந்தால் அது வேறு கதை: கூடுதல் ஆவணமோ பரிசீலனையோ பாக்கி என்று அர்த்தம்.

பணம் இருக்கு, ஆனா பாஸ்புக்கில் இல்லை!

திருவையாறு பக்கம் ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் அட்மிஷனுக்கு இன்டர்வியூ பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள் வரும். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியிலேயே வந்து, நகைக்கடனை மீட்கவும் கல்யாணச் செலவுக்கும் போய்விட்டிருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்று குறுவைக்கு உழவும் விதையுமாகக் கைக்காசு கரையும் நேரம் அது. வருஷத்திலேயே பேங்க் கணக்கு காலியாகக் கிடக்கும் மாதங்களில்தான் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள்.

அப்போதுதான் யாராவது, "பத்து நாளைக்கு 30 லட்சம் போட்டுக் காட்டலாம்" என்பார்கள். இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் திடீரென்று விழுந்த தொகை எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பையன் திணறிவிடுவான்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பல வீடுகளில் ஐடி ரிட்டர்னும் இருக்காது. அதற்காகக் கைவசம் ஆதாரமே இல்லை என்றில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. இரண்டு மூன்று வருஷத்து ஸ்டேட்மென்ட் எடுத்தால், போகத்துக்குப் போகம் அந்த வரவு தெரியும். வியாபாரியிடம் ரொக்கத்துக்கு விற்ற நெல்லுக்கு இந்தத் தடயம் கிடையாது. தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ், சிட்டா, அடங்கல் ஆகியவை இதற்குத் துணை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தாலோ, சித்தப்பா பெரியப்பாவோடு கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ, முழு நிலத்தையும் அப்பா சொத்தாகக் காட்டுவது தப்பு. கோயில் நிலக் குத்தகை என்றால் அதைச் சொத்துக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதில் வரும் வருமானத்தை மட்டும் சொல்லலாம்.

நிலம் இருக்கே, கடன் வாங்கினால் என்ன? 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். 2002-ன் சர்ஃபேசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமல் ஈட்டை எடுத்து விற்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. ஆனால் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் வயலை வைத்துக் கல்விக்கடன் தர வங்கிகள் தயங்குகின்றன. கோடி ரூபாய் வயலைவிட டவுனில் இருக்கும் மாடி வீட்டுக்கு அங்கே மதிப்பு அதிகம்!

ஜன்னல் முன்னால் என்ன பேசுவது?

ஃபைல் எவ்வளவு தடியாக இருந்தாலும் அதிகாரி பெரும்பாலும் அதைத் திறப்பதில்லை. பேச்சுதான் கணக்கு. "மை ஃபாதர் இஸ் அன் அக்ரிகல்ச்சரிஸ்ட்" என்று நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. அப்பா எத்தனை ஏக்கரில் எத்தனை போகம் போடுகிறார், வருஷத்துக்கு எவ்வளவு நிற்கிறது, ஐ-20-யில் உள்ள முதல் வருடச் செலவில் கடன் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு, மாமா தருவது எவ்வளவு என்று மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லவேண்டும். அந்த எண்கள் மாணவருக்கே தெரிந்திருக்கவேண்டும். பல வீடுகளில் கடன் எவ்வளவு என்பதைப் பிள்ளைக்குச் சொல்வதே இல்லை.

"போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது?" இந்தக் கேள்வி வந்தே தீரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய இன்டர்வியூவின் குறிப்பு அவர் முன்னால் திரையில் இருக்கும். கடன் அனுமதி இப்போது கிடைத்திருக்கிறது, அரியர் முடிந்துவிட்டது, ஒரு வருஷம் வேலை பார்த்தாச்சு என்று நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கவேண்டும். ஒன்றுமே மாறாமல், வேறு நாளில் வேறு அதிகாரி வரட்டும் என்று போவது லாட்டரிச் சீட்டு மாதிரிதான்.

முந்தைய நிராகரிப்பை மட்டும் மறைக்கவே கூடாது. டிஎஸ்-160-ல் நேரடியாகவே அந்தக் கேள்வி இருக்கிறது. 'இல்லை' என்று போட்டாலோ, போலி ஆவணம் கொடுத்தாலோ, அது 214(பி)யோடு நிற்காது. பொய்த் தகவல் பிரிவில் சிக்கினால் வாழ்நாள் தடை வரை போகும். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு மாணவருடையதுதான். அப்பாயின்ட்மென்ட்டையும் ஏஜென்ட்டிடம் விட்டு உட்காருவது ஆபத்து: பாட் மூலம் எடுக்கப்பட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை 2025 மார்ச்சில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது.

2025 ஜூன் முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மாணவர் விசா கேட்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளை 'பப்ளிக்'காக வைக்கவேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய ஐடிகளைப் படிவத்தில் எழுதவேண்டும் என்ற விதி முன்பே உண்டு. பழைய இன்ஸ்டா ஐடியை மறந்து விட்டுவிடக் கூடாது.

ஆகஸ்டுக்குள் ஸ்லாட் கிடைக்காவிட்டால் அட்மிஷனை ஜனவரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போடலாம், ஒப்புக்கொண்டால் புதுத் தேதியோடு ஐ-20 வரும். அதற்குள் குறுவையும் அறுத்திருக்கும், கொள்முதல் நிலையப் பணமும் கணக்கில் ஏறியிருக்கும்.