கையில் காசு இருந்தால் மொழி வரும்

மும்பை வந்த புதிதில் நமக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஆனால் மடியில் பணம் இருந்தது. விரலைக் காட்டிக் காய்கறி வாங்கினோம், பேச்சும் தானே வந்தது. இந்த முதுமையில் மகனோடு குவாங்சோவில் தங்கியிருக்கும் எனக்கு அந்த வழி எளிதாக இல்லை. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு, 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு மனு, எல்லாம் மகன் பார்த்துக்கொண்டான். கீரைக் கடையிலோ கைப்பேசியில்தான் பணம் கட்டுகிறார்கள். ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று விதி உண்டு, சில்லறைதான் இருப்பதில்லை.

வெளிநாட்டு வங்கி அட்டைகளை அலிபே, வீசாட் செயலிகளில் இணைக்கும் வசதி 2023-இல் விரிவாக்கப்பட்டது. ஆகவே, பெற்றோரைச் சீனாவுக்கு அழைக்கும் அன்பர்களே, அவர்கள் பெயரிலேயே அட்டையும் செயலியும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு கட்டுக் கீரைக்கும் பிள்ளை வரும்வரை காத்திருப்பவருக்கு எந்த ஊரும் சொந்த ஊராகாது.