பனிக்குள் ஒரு மணி நேரம்



வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் பனி எவ்வளவு அழகாக இருக்கிறது! 2025 பெப்ரவரி 12ஆம் திகதி மாலை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தங்கையின் குழந்தையைப் பார்க்க ரொறன்ரோ சென்றிருந்தேன். இரண்டு மாதக் கைக்குழந்தையை வைத்தியரிடம் காட்டிவிட்டு ஸ்காபரோவிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தங்கைதான் கார் ஓட்டினாள். அவளுடைய கணவர் இரவு வேலைக்குப் போயிருந்தார். ஊரில் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டியறியாதவள், மணமாகிப் போன இடத்தில் பரீட்சை எழுதி, இருமுறை தவறி, மூன்றாம் முறையில் அனுமதிப்பத்திரம் எடுத்தவள்.

பனி கொட்டத் தொடங்கியது. சிறியதோர் ஏற்றத்தில் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. அவள் பதற்றத்தில் மேலும் மிதிக்க, கார் பின்னால் வழுக்கி, வீதியோரம் வண்டிகள் ஒதுக்கி விட்டிருந்த பனிக்குவியலில் போய்ப் புதைந்தது. இழுக்கும் வண்டிக்குத் தொலைபேசி எடுத்தோம். மூன்று மணி நேரமாகும் என்றார்கள்.

குழந்தைக்குக் குளிரக் கூடாதே என்று கண்ணாடிகளை இறுக மூடி, எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் போயிருக்கும். எனக்குத் தலை இடித்தது. பசியாக்கும் என்று நினைத்தேன். தங்கையும், "அக்கா, வயிற்றைப் பிரட்டுது" என்றாள். அப்போது யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். எதிர்வீட்டு மூதாட்டி, கையில் சவலோடு. அவர் கேட்ட முதற் கேள்வி, "புகைக்குழாயைப் பார்த்தீர்களா?" என்பதுதான்.

குழாய் முழுதாய்ப் பனிக்குள் இருந்தது. வெளியேற வேண்டிய புகை காருக்குள் வந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினோம். நல்ல வேளையாக மூவரும் தப்பினோம்.

அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இரத்தத்தின் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. தலையிடி, வாந்தி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகருக்குப் பனி பார்க்கச் சென்ற குடும்பங்கள் கார்களோடு வீதியில் அகப்பட்டன. குளிரினாலும் இந்த நச்சுவாயுவினாலும் குறைந்தது 22 பேர் இறந்தனர். அவர்களில் பத்துப் பேர் சிறுவர்கள்.

பனி நாடுகளில் வாழும் உங்கள் மகளுக்கோ சகோதரிக்கோ இவற்றைச் சொல்லி வையுங்கள். பனியில் சிக்கினால் முதலில் புகைக்குழாயைச் சுற்றித் துப்புரவாக்க வேண்டும். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடமளவில் மட்டும் ஓடவிட்டு, காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். பனிப்புயலில் காரை விட்டுத் தூரம் நடக்கக் கூடாது. காரில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணி கட்டினால் தேடுபவர் கண்ணில் படும். சில்லு சுழன்றால் மேலும் மிதிக்காமல், அதனடியில் மணலோ கால்மிதியோ போட்டு மெதுவாக எடுக்க வேண்டும். போர்வை, தண்ணீர், சவல் மூன்றும் மாரி முழுவதும் காரிலேயே இருக்கட்டும்.

நமக்கேன் இந்தக் கதை என்கிறீர்களா? மின்சாரம் போனதும் ஜெனரேற்றரை வீட்டுக்குள் வைத்து ஓட்டுகிறோம். நுவரெலியாக் குளிரில் அறையைப் பூட்டிக் கரிச்சட்டி வைத்துப் படுக்கிறோம். மூடிய வானுக்குள் ஏசியைப் போட்டுவிட்டு உறங்குகிறோம். நஞ்சு அதே நஞ்சுதான்.

தங்கை இப்போதும் கார் ஓட்டுகிறாள். ஓட்டத்தான் வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேறு யார் கொண்டு போவார்கள்? ஆனால் ஏறுமுன் காரை ஒருமுறை சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாளாம். நீங்களும் இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு யன்னலையாவது திறந்து வையுங்கள், சகோதரிகளே.