சாலையை விட்டு இறங்கிப் பாருங்கள்



“உள்ளூர் மாடு விலைபோகாது” என்பது நம் முன்னோர் வாக்கு. விக்கிரவாண்டி என்றதும் வெளியூர் மக்களின் நினைவிற்கு வருபவை சுங்கச்சாவடியும், பேருந்துகள் தேநீருக்காக நிற்கும் உணவகங்களுமே. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே விரைவோர் இவ்வூரைக் கடந்து போவதில் வியப்பில்லை. இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளும் இந்நிலத்தை அறியாமலே கடந்து போவதுதான் வருந்தத்தக்கது. கோடை விடுமுறை வந்ததும் கடன்பட்டேனும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்திற்குள் 1400 ஆண்டு வரலாறு கிடக்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்குள்ள பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச் சாந்தும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் இதனை ஆக்கியதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவன் பெருமிதம் கொள்கிறான். அந்நாளில் கோயில்களை மண்ணாலும் மரத்தாலும் எழுப்புவதே வழக்கம், அவை அழிந்தன. கல்லிலே கட்டினால் நிற்கும் என்று துணிந்த பல்லவரின் தொடக்க முயற்சிகளுள் இது முதன்மையானது. மாமல்லபுரத்தைக் காண உலகமே திரண்டு வருகிறது. அதற்கு முன்னோடியான மண்டகப்பட்டில், வாயிலின் இருபுறமும் தண்டூன்றி நிற்கும் காவலர் இருவர் பெரும்பாலும் தனித்தே நிற்கின்றனர். அனந்தபுரத்தை அடுத்த பனமலையிலோ, எட்டாம் நூற்றாண்டில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கோயிலில், குடையின்கீழ் நிற்கும் பார்வதியின் வண்ண ஓவியம் சிதைந்தும் அழகு குன்றாமல் எஞ்சியிருக்கிறது.

எண்ணாயிரம் விக்கிரவாண்டி வட்டத்திலேயே உள்ள ஊர். அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர் கொண்ட கல்லூரி ஒன்று பதினோராம் நூற்றாண்டில் அவ்வூரில் நடைபெற்றதை அது கூறுகிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. வேதம் பயில உரிமை பெற்றோருக்கே அக்கல்லூரி திறந்திருந்தது. உழவர் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகள் அறிய வேண்டும். பழமை என்பது புகழ்வதற்கு மட்டும் உரியதன்று; பாடம் கற்பதற்கும் உரியது.

செஞ்சிக் கோட்டையை அறியாதார் இலர். ஆயினும் ‘தேசிங்கு ராஜன் கோட்டை’ என்பதற்குமேல் அறிந்தோர் சிலரே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த பெருங்கோட்டை இது. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவின்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் பெரும்படையும் திகைத்து நிற்க வேண்டியதுதான். நாயக்கர் ஆண்ட பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த பிமெந்தா என்னும் இயேசு சபைக் குரு, போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பனைத் தவிர இதனினும் பெரிய நகரில்லை என்று வியந்து எழுதினார். 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராமை இங்கே முற்றுகையிட்ட மொகலாயப் படைக்குக் கோட்டை வீழ்ந்தது 1698-இல்தான். தேசிங்கு களத்தில் மாண்டது 1714-இல். பின்னர்ப் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் இதனைக் கொண்டனர். மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே.

மனிதர் கைபடாத அதிசயமும் ஒன்று உண்டு. வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்திற்கு ஆண்டுதோறும் செல்லும் நம் குடும்பங்கள், அங்கே ஓடும் சங்கராபரணி ஆற்றின் மேற்பகுதியில் உள்ள திருவக்கரையைக் காணாமலே திரும்புகின்றன. அங்கே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்தன. நீரில் கரைந்த மணற்சத்து மரத்துள் ஊறி, நாரும் கணுவும் மாறாமல் அணுவணுவாய்க் கல்லாயிற்று. பிரெஞ்சு அறிஞர் சொன்னெரா 1781-இலேயே இதனைக் குறித்து வைத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைப் பூங்காவாகக் காத்து வருகிறது.

இவ்வளவு செல்வமும் நம்மைவிட்டு நழுவுவது பகைவரால் அன்று. செஞ்சியின் சுவர்களில் கூரிய கல்லால் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறியவர்கள் மொகலாயர் அல்லர். கல்மரத் துண்டொன்றை நினைவுப் பொருளாகப் பைக்குள் இடுபவரும் அயல்நாட்டார் அல்லர். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் எனச் சட்டம் இருக்கிறது. ஆனால் மலையெங்கும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. உரியவர் உணர்ந்தாலன்றிக் காவல் இல்லை.

இதற்குத் தொலைதூர எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலும் செஞ்சியைப் போலப் பாறைமேல் ஒரு கோட்டை உண்டு. அதனுள் புனித மார்கரீத் அரசியின் பெயரால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த சிறு கோயில் இருக்கிறது. இடைக்காலத்தில் அதன் பெருமை மறந்துபோய், வெடிமருந்துக் கிடங்காகவே அதனைப் பயன்படுத்தினர். 1845-இல்தான் ஓர் அறிஞர் அதனை மீண்டும் அடையாளம் கண்டார். பின்னர், மார்கரீத் என்று பெயர் கொண்ட அந்நாட்டுப் பெண்கள் ஒரு சங்கம் அமைத்து, முறைவைத்து அக்கோயிலுக்கு மலர் வைத்து வரலாயினர். அவர்கள் அரச குலத்தினர் அல்லர். இல்லத்தரசியரும் அலுவலகம் செல்வோருமே. “இது என் பெயருடையது” என்னும் ஒரே உணர்வு அவர்களைக் கூட்டிற்று. மண்டகப்பட்டும் எண்ணாயிரமும் நம் முகவரியிலேயே இருக்கின்றன. அதனினும் நெருங்கிய உறவு வேறு எது?

பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் ஆயிற்றே என்று எவரும் தயங்க வேண்டுவதில்லை. காலணியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, அவ்விடத்து முறைமையைப் போற்றினால் போதும். நம் ஆலயத்திற்கு வரும் அயலார் எவ்வாறு நடக்க வேண்டும் என விரும்புகிறோமோ, அவ்வாறே அங்கு நாமும் நடப்போம்.

பெற்றோரே, வரும் விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். கட்டுச் சோறும் குடிநீரும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் செஞ்சி மலையில் கால் வையுங்கள். திரும்பும் வழியில் மண்டகப்பட்டில் இறங்குங்கள். முன்னதாகவே அவ்விடங்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிள்ளை கல்லில் பெயர் கீறாது. இளையோர் மன்றத்தினர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே சென்று, உரியவரின் இசைவு பெற்று, சிதறிக் கிடக்கும் நெகிழிக் குப்பையை அகற்றி வரலாம். பெருந்தொகை தேவையில்லை. ஒரு சாக்குப் பையும் அரைநாள் உழைப்பும் போதும்.